தற்காலிக வயர்

என் மனைவி ஆறு வருஷமாக ஒரு படம் வரைந்துகொண்டிருந்தாள். சினிமா மாதிரி ஓடுகிற படம், ஆனால் ஒவ்வொரு அசைவும் கையால் வரைந்தது. கார்ட்டூன் என்று சொன்னால் அவள் முகம் சுண்டிப்போகும், அதனால் படம் என்றே சொல்கிறேன். மொத்தமே ஒன்பது நிமிஷம்தான். ஒரு பெண் மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்து அப்படியே காற்றில் நீந்த ஆரம்பிக்கிறாள். அலமாரிக்கு மேலே போகிறாள், மின்விசிறியைச் சுற்றி வருகிறாள், ஜன்னல் வழியாக வெளியே வந்து தெருவுக்கு மேலே நீந்துகிறாள். கீழே ஒருத்தரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. கடைசியில் எதிர்க் கட்டடத்து மொட்டை மாடியில் அவள் இறங்கவேண்டும். அந்த இறங்குகிற நாற்பது வினாடி மட்டும் பாக்கி இருந்தபோது என் மனைவியின் கம்ப்யூட்டர் செத்துப்போனது.

சத்தமே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை திரை மெதுவாக மங்கி, மழைக்கு முந்தின வானம் மாதிரி ஒரு சாம்பல் நிறத்துக்கு வந்து நின்றுவிட்டது. ரிப்பேர் கடைக்காரர் திறந்து பார்த்து, போர்டு போய்விட்டது, இதற்கு இனிமேல் போர்டு வராது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

அவள் வரைகிற சாஃப்ட்வேரைச் செய்தவர்கள் எப்போதோ கடையை மூடிவிட்டார்கள். அது ஒரே ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டரில்தான் ஓடும். அதுவும் அந்தக் கம்பெனியின் பழைய ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில்தான் ஓடும். புதுசாக வாங்கலாம் என்றால் புதுசில் அந்தப் பழைய சிஸ்டம் ஏறாது. பழசாகத் தேடினால் வந்ததெல்லாம் இன்றைக்கோ நாளைக்கோ என்று இழுத்துக்கொண்டிருந்தவை. வரைந்தது எல்லாம் ஒரு தனி டிஸ்கில் பத்திரமாக இருந்தது. திறக்கத்தான் வழியில்லை.

அவளுக்குக் காலையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் அரை நாள் வேலை. பகல் சாப்பாட்டுக்கு வந்து, சோபாவில் அரை மணி நேரம் தூங்கி எழுந்து, வரைய உட்காருவாள். அந்த அரை மணியில்தான் அடுத்து என்ன வரையவேண்டும் என்று தெரியும் என்பாள். தூக்கத்தில் அந்தப் பெண் எப்படித் திரும்புகிறாள், முடி எப்படிப் பின்னால் வருகிறது என்று பார்த்துவிட்டு வருவாளாம். கம்ப்யூட்டர் போனபிறகும் அவள் தூங்கினாள். அரை மணி ஒரு மணியானது, இரண்டு மணியானது. ஒருநாள் நான் சீக்கிரம் வீட்டுக்கு வந்தபோது கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"இப்பல்லாம் ஒண்ணுமே தெரியலைங்க. சும்மா இருட்டா இருக்கு. கடையில முழு நாளும் வரச் சொல்றாங்க. மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணும். சரின்னு சொல்லிடலாம்னு பார்க்கிறேன்."

முழு நாள் என்றால் படம் அதோடு முடிந்தது. அவள் அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. பருப்பு டப்பா காலி என்று சொல்கிற குரலில் சொன்னாள். நான் செய்துதருகிறேன் என்று வாய் தவறி வந்துவிட்டது. என்ன செய்துதருவேன் என்று எனக்கே அப்போது தெரியாது.

நான் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தேழு வருஷம். கம்ப்யூட்டர் என்றால் சம்பளச் சீட்டு பார்க்கிற அளவுக்குத்தான் பழக்கம். ஆனால் என் மச்சினன் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். அவன்தான் சொன்னான், சாதாரண பாகங்களை வாங்கி நாமே ஒரு பெட்டியைக் கட்டி, அதில் அந்தக் கம்பெனியின் சிஸ்டத்தை ஏற்றுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள் என்று. கம்பெனி அதை ஒத்துக்கொள்ளாது, உதவியும் செய்யாது. எல்லாம் நாமே பார்த்துக்கொள்ளவேண்டும். சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.

"மாமா, உங்களுக்கு அந்த வேலை தோதுப்படாது. அதுல மேல கீழன்னு ரெண்டு பட்டன் இருக்காது."

அவனே பாகங்களையும் தேடிக் கொடுத்தான், ஒரு பழைய லேப்டாப்பையும் கொடுத்தான். சாப்பாட்டு மேஜையைப் பாதிக்கு மேல் நான் பிடித்துக்கொண்டேன். நானும் மனைவியும் மீதிப் பாதியில் தட்டை இடித்துக்கொண்டு சாப்பிட்டோம்.

பெட்டியைக் கட்டுவது கஷ்டமே இல்லை. ஸ்க்ரூ எங்கே போனாலும் ஸ்க்ரூதான். கஷ்டம் அதற்குப் பிறகு. அந்த சிஸ்டம் கண்ணைத் திறக்கும்போது முதலில், நீ யார், நம்ம ஆளா என்று மெஷினைக் கேட்கும். இல்லை என்று தெரிந்தால் திரும்பிப் படுத்துக்கொள்ளும். அதனால் ஒரு பென் டிரைவில் குட்டி புரோகிராம் ஒன்றைப் போட்டு வாசலில் நிறுத்தவேண்டும். ஆமாம், உங்க வீட்டுப் பிள்ளைதான் என்று அது பதில் சொல்லும். இன்ன மாடல், இன்ன வருஷம் என்று எல்லாம் சொல்லும். மெஷினும் மெதுவாக அதை நம்ப ஆரம்பிக்கும். எனக்கு இது பிடித்திருந்தது. தூக்கத்தில் நாமும் வேறு யாராகவோ இருந்துவிட்டுத்தானே எழுகிறோம்.

இணையத்தில் இதற்கென்று ஒரு மன்றம் இருக்கிறது. அங்கே எனக்கு ஒருவர் கிடைத்தார். பெயர் தெரியாது, படத்துக்குப் பதில் ஒரு வாத்து. ஆணா பெண்ணா, எந்த ஊர், ஒன்றும் தெரியாது. என் அரைகுறை ஆங்கிலத்துக்குப் பொறுமையாகப் பதில் எழுதும். வாத்து என்ன சொல்லிச்சு என்று மச்சினன் தினமும் போனில் கேட்பான்.

ஞாயிற்றுக்கிழமைகளிலும், வேலை சீக்கிரம் முடிந்த மத்தியானங்களிலும் உட்காருவேன். திரைச்சீலை மஞ்சளாக வெளிச்சத்தை வடிகட்டும். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மேலிருந்து ஓடிவரும், ஆயிரக்கணக்கில், ஒன்றும் புரியாது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் நாற்காலி கொஞ்சம் தரையிலிருந்து எழும்பின மாதிரி இருக்கும். பின்னால் சோபாவில் அவள் மூச்சு விடுவது கேட்கும். எழுத்துகள் ஓடி ஓடி, எப்போதும் ஒரே இடத்தில் வந்து நிற்கும். ஒருநாள் அந்த இடத்தைத் தாண்டி இன்னும் நாலு வரி ஓடியது. அன்றைக்கு நான் பட்ட சந்தோஷத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

இதோடு என் தொழிலைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். லிஃப்ட் ஓடுவதற்குப் பல காவல் உண்டு. கதவு சரியாக மூடவில்லை என்றால் ஓடாது. சோதனை பண்ணும்போது சில சமயம் அந்தக் காவலைத் தாண்டுவதற்கு பேனலில் ஒரு துண்டு வயரைப் போட்டு இரண்டு முனையைச் சேர்ப்போம். தற்காலிக வயர் என்போம். அதை மறந்து விட்டுவிட்டால் கதவு திறந்தபடியே லிஃப்ட் ஓடும், ஆள் போய்விடும். அதனால் ஒவ்வொரு வயருக்கும் ஒரு சிவப்புச் சீட்டு எழுதிக் கண்ணெதிரே ஒட்டுவோம். வேலை முடிந்ததும் வயரைப் பிடுங்கிச் சீட்டைக் கிழித்துப் போடுவோம். சீட்டு ஒட்டியிருக்கிற பேனலை மூடிவிட்டு வந்த மெக்கானிக்கை யாரும் மதிக்கமாட்டார்கள். இருபத்தேழு வருஷத்தில் நான் ஒரு வயரை விட்டுவிட்டு வந்ததில்லை.

வீட்டிலும் அதே பழக்கம். அந்தக் குட்டி புரோகிராமில் நான் மூன்று இடத்தில் குறுக்கு வழி போட்டிருந்தேன். இந்தச் சோதனையைத் தாண்டு, அந்தப் பாகம் இல்லாததைக் கண்டுகொள்ளாதே என்று இரண்டு. மூன்றாவது, திரைக்குப் படம் அனுப்புகிற பாகத்துக்கான ஒரு எண். எண்ணும் ஆங்கில எழுத்துமாக எட்டு. வாத்து கொடுத்த பட்டியலில் எதுவும் ஒத்துவராமல், நானே கடைசி எழுத்துகளை மாற்றி மாற்றிப் பதினோரு நாள் போராடிப் பிடித்தது. மூன்றையும் மூன்று சிவப்புச் சீட்டில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டியிருந்தேன்.

மாசக் கடைசிக்கு ஐந்து நாள் இருந்தது. அன்று மத்தியானம் எழுத்துகள் ஓடின, நின்றன, பிறகு மறைந்தன. திரை முழுக்க நீல வானமும் மலையும் வந்தன. கீழே வரிசையாகச் சின்னச் சின்னப் படங்கள். அவளுடைய பழைய திரை, அப்படியே. அவள் சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப வாய்வரை வந்தது. ஆனால் ஒரு வேலையை ஒப்படைக்கும்போது சுத்தமாக ஒப்படைக்கவேண்டும் அல்லவா. மூன்று வயரையும் எடுத்தேன். சேமித்தேன். மூன்று சீட்டையும் கிழித்தேன். கையோடு குப்பையைக் கட்டிக் கீழே கொண்டுபோய்ப் போட்டேன். குப்பை வண்டி அப்போதுதான் தெருமுனையில் திரும்பியது. பெருமையாகப் படியேறி வந்து மெஷினை மறுபடி போட்டேன்.

கறுப்பு. எழுத்துகூட ஓடவில்லை.

முதல் இரண்டு குறுக்கு வழியும் வாத்துக்கும் தெரிந்தவை, மனப்பாடமாகவே போட்டுவிட்டேன். எழுத்துகள் ஓடின. கடைசியில் திரை மட்டும் இருட்டாகவே இருந்தது. அந்த எட்டு எழுத்து எனக்கு ஞாபகமில்லை. எவ்வளவோ மாற்றியதில் எது ஜெயித்தது என்று தலைக்குள் எல்லாம் கலந்து கிடந்தது. வாத்துக்கு எழுதினேன். எங்கள் தொழிலில் தற்காலிக வயரைக் கழற்றுவதுபோல எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன் என்று சொன்னேன். பிறகு ஒரே வரி வந்தது. நீ கழற்றினது வயர் இல்லை நண்பா, இந்த மெஷினே அந்த வயர்தான்.

மூன்று நாள் முயன்றேன். நாலாவது நாள் பகல், அவள் கடைக்குப் பதில் சொல்லவேண்டிய நாளுக்கு முந்தின நாள், நான் லீவு போட்டுவிட்டு மேஜையில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தேன். அவள் தூங்கி எழுந்து வந்து என் பின்னால் நின்றாள். என்ன ஆச்சு என்று கேட்டாள். சொல்லாமல் இருக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், குப்பையைக் கொண்டுபோய்ப் போட்டதுவரை.

அவள் திட்டவில்லை. திரையின் ஓரத்தில் பசை ஒட்டியிருந்த இடத்தையே பார்த்தாள்.

"மூணாவது சீட்டா? கீழ ஒட்டியிருந்தீங்களே, அதுவா?"

"ஆமா. நீ படிச்சியா?"

"படிக்கலை. சோபாவுல படுத்தா நேரா கண்ணுக்கு அதுதான் தெரியும். தூக்கம் வர்ற வரைக்கும் அதையே பார்த்துக்கிட்டு இருப்பேன்."

மின்சாரக் கட்டண ரசீது ஒன்றைத் திருப்பிப் போட்டு, பென்சிலை எடுத்தாள். இரண்டு மாசத்தில் அவள் பென்சிலைத் தொட்டு நான் பார்க்கவில்லை. எழுதவில்லை அவள், வரைந்தாள். முதலில் சீட்டின் ஓரம், வலது மூலையில் ஒரு மடிப்பு. பிறகு உள்ளே என் கையெழுத்து. இது என்ன எழுத்து என்று அவளுக்குக் கவலையே இல்லை, கோடு எங்கே தடிக்கிறது, எங்கே இழுபடுகிறது என்றுதான் பார்த்தாள். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, அந்த அரைத்தூக்கத்துக்குள்ளேயே போய் எட்டிப் பார்க்கிற மாதிரி. ஐந்தாவது எழுத்தில் நின்றாள்.

"அது ஒண்ணா?" என்று கேட்டேன்.

"இல்லை. ஏழு. உங்க ஏழு மட்டும்தான் இப்படி ரெண்டு ரவுண்டு போட்டவன் மாதிரி சாயும்."

நான் ஒவ்வொன்றாகத் தட்டினேன். இரண்டு தடவை தப்பாகத் தட்டி அழித்தேன். பென் டிரைவைச் செருகி மெஷினைப் போட்டோம். எழுத்துகள் ஓடின. இந்தத் தடவை இருவரும் பார்த்தோம், அவள் கை என் நாற்காலி முதுகில் இருந்தது. இருட்டு வந்தது. ரொம்ப நேரம் இருந்தது, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. அப்புறம் நீல வானம் வந்தது.

அவள் டிஸ்கைச் செருகினாள். படம் திறந்தது. தெருவுக்கு மேலே அந்தப் பெண் அப்படியே இருந்தாள், கைகள் விரிந்து, சேலைத் தலைப்பு பின்னால் மிதந்து. என் மனைவி அவளை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தாள். பத்து நிமிஷம் இருக்கும். ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"முழங்கால் தப்பா இருக்கு" என்றாள். "இந்த மாதிரி மடக்கினா இறங்க முடியாது. கீழ விழுவா. எப்படி இதைப் பார்க்காம விட்டேன்னு தெரியலை."

நான் புதிய சிவப்புச் சீட்டு மூன்று எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டினேன். இந்த முறை நன்றாக டேப் சுற்றி ஒட்டினேன். எனக்கு உள்ளூர உறுத்தத்தான் செய்தது. பேனலைத் திறந்துபோட்டுவிட்டு வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

"நாளைக்குக் கடையில முழு நாள் முடியாதுன்னு சொல்லிடறேன்" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீங்க ஒண்ணு பண்ணுங்க. அந்த ஸ்டூல் மேல ஏறுங்க."

"எதுக்கு?"

"ஏறுங்களேன். செருப்பைக் கழட்டிட்டு."

ஏறினேன். ஐம்பத்தொரு வயது, எழுபத்தெட்டு கிலோ. இறங்கச் சொன்னாள், இறங்கினேன். தொப்பென்று இறங்குகிறேனாம். மறுபடி ஏறச் சொன்னாள். பாதத்தின் நுனி முதலில் படவேண்டும், பிறகு குதிகால், பிறகுதான் முழங்கால் தளரவேண்டும் என்றாள். ஒன்பதாவது தடவையோ பத்தாவது தடவையோ மச்சினன் போன் செய்தான். வாத்து என்ன சொல்லிச்சு என்று கேட்டான். ஸ்டூல் மேலே நிற்கிறேன், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

ஜன்னலில் வெயில் சாய்ந்து, எதிர்க் கட்டடத்து மாடியில் மட்டும் கொஞ்சம் மிச்சமிருந்தது. கம்ப்யூட்டரோடு சேர்த்த வரைபலகையில் அவள் பேனா உரசுகிற சத்தம் கேட்டது.

"இன்னொரு தடவை" என்றாள். "இன்னும் மெதுவா. கீழ தரை இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது."