யோகராணியின் கருத்துப் படிவம்

“எல்லாக் கழுகும் எண்டு எழுதாதை. அதை அழி,” என்றாள் யோகராணி.

நிரூபா மடிக்கணினியில் அந்தச் சொல்லை அழித்தாள். கனடாவின் அஜக்ஸ் நகர ஆஸ்பத்திரிக் கட்டிலில் அம்மா, மூக்கில் ஒட்சிசன் குழாய். டொக்டர் காலையிலேயே கையை விரித்துவிட்டார். பக்கத்து ஊர் விட்பியிலிருந்து விழுந்தடித்துக்கொண்டு வந்த மகளிடம் அம்மா முதலில் கேட்டது, மடிக்கணினி கொண்டுவந்தாயா என்பதைத்தான்.

இருபத்தாறு வருடம் ஆய்வுகூடத்தில் செத்த பறவைகளை அறுத்துப் பார்த்தவள் யோகராணி. வேட்டைக்காரர் மானைச் சுட்டு, குடலைக் காட்டிலேயே விட்டுப் போவார்கள். அதில் சிதறிக் கிடக்கும் ஈயத் துணுக்குகளைக் கழுகு விழுங்கும். பிறகு பறக்கமாட்டாமல் விழும். ஈயத்தில் செய்த துப்பாக்கி ரவைகளை நிறுத்தும் வரைவு விதிக்கு அரசாங்கம் இப்போதுதான் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டிருந்தது. மாலை ஐந்து மணிக்குக் கெடு முடிகிறது. அம்மா தமிழில் சொல்லச் சொல்ல, மகள் இங்கிலீசில் தட்டினாள்.

நிரூபாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மிச்சமிருக்கும் மூச்சையும் கழுகுக்கே கொடுக்கிறாளே, பெற்ற பிள்ளைக்கென்று ஒரு வார்த்தை இல்லையா?

“அப்ப எத்தினையெண்டு போட?”

“நான் அறுத்தது முந்நூற்றிப் பன்னிரண்டு. ஈயம் இருந்தது நூற்றி நாலில. அதை மட்டும் எழுது. கூட்டிச் சொன்னால் மற்றதையும் நம்பமாட்டினம்.”

நாளைக்கே தடை போடு என்று அம்மா கேட்பாள் என நிரூபா நினைத்திருந்தாள். அம்மாவோ லெஸ்லியின் கதையை எடுத்தாள். வடக்கே சின்ன ஊர் ஒன்றில் வேட்டையாடுகிறவன். பத்து வருடத்துக்கு முன் ஒரு கூட்டத்தில், துவக்கையே தொடாத பொம்பிளைக்கு என்ன தெரியும் என்று எழும்பி நின்று கத்தியவன். அம்மா கோபிக்கவில்லை. நவம்பர்க் குளிரில் இரண்டு நாள் அவன் பின்னாலேயே காட்டுக்குள் நடந்து, அவன் விட்டுப் போன குடலைப் பையில் அள்ளிவந்து, எக்ஸ்ரே எடுத்து அதிலிருந்த ஈயத் துணுக்குகளைக் காட்டினாள். அன்றோடு அவன் ஈயமில்லாத செப்பு ரவைக்கு மாறிவிட்டான். ஆனால் அவனூரில் இருக்கும் ஒரே கடைக்கு அது வருடத்தில் இரண்டு முறைதான் வருகிறது.

“கடையில செப்பு ரவை இல்லாமல் தடையை மட்டும் போட்டால், உவன் வீட்டில பனிக்காலத்துக்கு இறைச்சி இல்லை,” என்றாள். “மூண்டு வருசம் குடுக்கச் சொல்லி எழுது. செய்யிற கொம்பனிக்கும் காலம் வேணும்.”

தன்னை ஏசியவனின் பனிக்காலத்தையும் சேர்த்து யோசிக்கிற மனம் எத்தனை பேருக்கு வரும்? நிரூபா குனிந்து தட்டினாள். கோபம் போன இடம் தெரியவில்லை. இந்த மனுசியின் மகளாய்ப் பிறந்ததற்குப் பெருமையாக இருந்தது.

மூன்றரைக்கு எல்லாவற்றையும் வாசிக்கச் சொல்லி, கண்ணை மூடிக் கேட்டாள் அம்மா. ஒரு சொல்லை மாற்றச் சொன்னாள்.

“இப்ப சரி. வடிவா எழுதியிருக்கிறாய், பிள்ளை.”

பிறகு அவள் பேசவில்லை. நாலு பத்துக்கு மூச்சு நின்றது. தாதி வந்து நேரத்தைக் குறித்துவிட்டு, கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போனாள். நிரூபா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுதபடியே மணிக்கூட்டைப் பார்த்தாள். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு மடிக்கணினியைத் திறந்தாள். பெயர் என்ற இடத்தில் அம்மாவின் பெயர் இருந்தது. படிவத்தின் அடியில் இன்னும் ஒரு கேள்வி நிரப்பாமல் கிடந்தது: இந்தக் கருத்தைப் பற்றி மேலும் கேட்க, உங்களைத் தொடர்புகொள்ளலாமா?

நிரூபா ‘ஆம்’ என்பதைத் தெரிவுசெய்து, தன்னுடைய தொலைபேசி இலக்கத்தை எழுதி அனுப்பினாள்.