மூன்று வருடம் கழித்துக் கேட்பவள்

புக்கிட் பெலண்டோக் செம்பனைத் தோட்டத்து ரோகினிக்கு எந்தச் சத்தமும் மூன்று வருடம் தாமதமாகத்தான் கேட்கும். மேகமே இல்லாத மத்தியானத்தில் இடிக்குப் பயந்து காதைப் பொத்திக்கொள்வாள். திருவிழா இல்லாத செவ்வாய்க்கிழமையில் உறுமிச் சத்தத்துக்கு ஆடுவாள். பக்கத்து வீட்டு மங்கம்மா, கணவர் செத்து இரண்டு வருடமான பிறகும், சாயங்காலமானால் வந்து, அவர் இன்றைக்கு எத்தனை தடவை இருமினார் என்று சைகையில் கேட்பார். ரோகினி விரல்களைக் காட்டுவாள். மங்கம்மா திருப்தியாக வீட்டுக்குப் போவார்.

ஆரம்பத்தில் இவ்வளவு மோசமில்லை. ஒரு வயதில் காய்ச்சல் வந்து போனபோது தாமதம் ஒரு மணி நேரம்தான். கூப்பிட்டால் பிள்ளை திரும்பவில்லையே என்று தாய் ரதி பதறினாள். "எங்க வீட்டுல எல்லாருமே லேட்டாதான் பேசுவோம், விடு லா" என்றான் அவள் கணவன் புவனேஸ்வரன். புருஷனே பெரிய வைத்தியன் மாதிரி சொல்லிவிட்டான் என்று ரதியும் விட்டுவிட்டாள். தாமதம் நாளாகி, மாதமாகி, ஐந்து வயதில் காதுக் கருவி மாட்டியபோது மூன்று வருடமாகியிருந்தது. "காது மட்டும் இல்லக்கா, மூளையும் சத்தத்தப் பிரிச்சுப் பாக்கப் பழகணும். கைக்குழந்தையிலயே கொண்டாந்திருக்கலாம்" என்றாள் கருவி மாட்டிய பெண். இனித் தாமதம் வளராதாம். குறையுமா என்று கேட்டதற்கு அவள் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டாள்.

அடுத்த வருடம் ஒரு நாள், செனாவாங் தொழிற்சாலையில் மதிய ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள் ரதி. பிள்ளை நடுச்சாலையில் நின்றது. பழக்குலை லோரி ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. ஓடிப்போய் இழுத்துப் போட்டவள், அதன் முதுகைப் பார்த்துக் கத்திவிட்டாள்: "நீ எனக்குப் பொறக்காமலே இருந்திருக்கலாம்!" பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. சொல் புறப்பட்டுவிட்டது.

அதன்பின் ரதி ஒரு வாய் சோறு நிம்மதியாகத் தின்னவில்லை. கருவியைக் கழற்றிப் பார்த்தாள். உள்ளே போனது போனதுதான், பழைய சத்தங்கள் தவறாமல் கேட்டன. கோயில் கோயிலாகக் கெஞ்சினாள். அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று டாக்டரிடம் அழுதாள். ராத்திரி பகல் பாராமல் கொஞ்சிப் பேசினாள். கொஞ்சல் எல்லாம் அந்தச் சொல்லுக்குப் பின்னால் வரிசையில் போய் நின்றது. பாவி வாய், பாவி வாய் என்று தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள்.

அந்த நாளும் வந்தது. ரதி லீவு போட்டுவிட்டு, சாப்பிட்டுக்கொண்டிருந்த மகளுக்கு எதிரில் உட்கார்ந்தாள். இரண்டு மணிக்கு ரோகினியின் கை சோற்றில் அப்படியே நின்றது.

"எப்பம்மா சொன்ன?"

ரதி மூன்று விரலைக் காட்டினாள்.

"இப்பவும் அப்படியா?"

கழுத்து வலிக்கத் தலையை ஆட்டி மறுத்தாள் ரதி.

"வாயால சொல்லும்மா."

"இல்லடா கண்ணு! நீ இல்லாட்டி நான் இல்லடா!" வரிசையாக இருந்த லயத்து வீடுகளிலிருந்தெல்லாம் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

தாயின் வாய் மூடும்வரை ரோகினி பார்த்துக்கொண்டிருந்தாள். "சொல்லிட்டியா?"

ரதி தலையசைத்தாள்.

"அப்ப வந்துரும் லா" என்று சோற்றைப் பிசைய ஆரம்பித்தாள் பிள்ளை.