கிணற்றுச் சுவரில் லூர்து

“ஏண்டி, இன்னைக்கு அவ இந்தப் பக்கம் திரும்புனாளா?”

ஜெஸ்ஸிக்கு ஏழு வயதிருக்கும்போது அம்மா அவளிடம் கேட்டது இது. பக்கத்து வீட்டு டி.வி.யில் மத்தியானப் படம் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் சோறு வடித்துக்கொண்டிருந்த அம்மா செபாஸ்தியம்மாள் கைச்சூட்டோடு ஓடிவருவதற்குள் படத்தில் வரும் கிணற்றுப் பாட்டு முடிந்துவிட்டது. திரும்பினாள் என்று ஜெஸ்ஸி தலையை ஆட்டினாள். உண்மையில் அவள் கண்ணுக்கு எதுவும் தென்படவில்லை. ஆனால் வாசலில் மூச்சிரைக்க நின்ற அம்மாவைப் பார்த்து, இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

‘அவ’ என்றால் லூர்து. ஜெஸ்ஸி பிறப்பதற்கு முன்னாலேயே, ஒன்பது வயதில், காய்ச்சலில் செத்துப்போன அக்கா. சாணார்பட்டிக்குக் கிழக்கே அவர்கள் ஊர்த் தோட்டத்துக் கிணற்றில்தான் அந்தப் பாட்டைப் படம் பிடித்தார்கள். வேடிக்கை பார்க்கப்போன லூர்து கிணற்றின் பின்சுவரில் ஏறி நின்றிருக்கிறாள். யாரோ அதட்டவும் குதித்து ஓடிவிட்டாள். அடுத்த மாதமே காய்ச்சல் கண்டுவிட்டது.

வீட்டில் அவள் போட்டோ ஒன்றுகூட இல்லை. படம் வந்ததும் செபாஸ்தியம்மாள் திண்டுக்கல்லுக்கு வந்து தியேட்டரில் பார்த்தாள். கதாநாயகி வாளியைத் தூக்கும்போது அவள் தோளுக்கு மேலே, சுவரில், பாவாடை கட்டிய உருவம் மாதிரி ஒரு நிழல். கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடும்.

குடும்பம் டவுனுக்குக் குடிவந்த பிறகும், லூர்துக்கு வருசத்தில் இரண்டு நாட்கள் இருந்தன. ஒன்று கல்லறைத் திருநாள். இன்னொன்று டி.வி.யில் அந்தப் படம் போடுகிற நாள். படம் போடப்போட நிறம் வெளுத்தது, கோடு கோடாக மழை பெய்தது.

“பிள்ள எளைச்சுக்கிட்டே போறாடி,” என்பாள் செபாஸ்தியம்மாள்.

அந்தப் படத்தை எடுத்த டைரக்டருக்கு இப்போது எண்பது வயதுக்கு மேல். அவருடைய பழைய படங்களை ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்து, துல்லியமான பிரிண்டாக டிஸ்க்கிலும் போனிலும் ஒரு சென்னைக் கம்பெனி வெளியிட்டு வந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கும் ஜெஸ்ஸி, கூட்டம் குறைந்த நேரமெல்லாம் போனில் அந்தக் கம்பெனியின் பக்கத்தையே திறந்து பார்ப்பாள். கிணற்றுப் பாட்டு உள்ள படத்தைப் பற்றி யாராவது கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நெகட்டிவ் கெட்டுவிட்டது, வாய்ப்பு குறைவு என்றே பதில் வந்தது.

“என்னத்தா சொல்றாய்ங்க?” என்று அம்மா சாயங்காலம் கேட்பாள்.

“வராதாம்மா.”

“வரும். நல்லா வெளக்கி எடுத்தா அவ மொகம் தெரியும்.”

போன வருடம் மலேசியாவில் ஒரு பிரிண்ட் கிடைத்துவிட்டது. அதைச் சுத்தம் செய்தவர்களில் ஒருவன் பிரிட்டோ, சின்னம்மா மகன். சுவரில் லூர்து நிற்கிற கதையை அவனிடம் இவர்கள் சொன்னதில்லை. தனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று சொந்தக்காரர்கள் ஏற்கெனவே பேசிக்கொள்வதை செபாஸ்தியம்மாள் அறிவாள்.

ஈஸ்டருக்கு ஊருக்கு வந்தவன், மறுநாள் லேப்டாப்போடு வீட்டுக்கு வந்தான். செபாஸ்தியம்மாள் கோவில் சேலையை உடுத்தி, கண்ணாடியை இரண்டு தடவை துடைத்துப் போட்டுக்கொண்டு முன்னால் உட்கார்ந்தாள்.

“ரிலீசுக்கு முன்னாடி வெளிய காட்டக் கூடாது பெரியம்மா. கறிக்கொழம்பு வச்சு என் வேலைக்கு வேட்டு வைக்கிறீங்க.”

“வேல போனா எங்க ஜெராக்ஸ் கடைக்கு வாடா. முன்பக்கம் பின்பக்கம் எடுக்கக் கத்துத் தாரேன்,” என்றாள் ஜெஸ்ஸி.

பாட்டு ஆரம்பித்தது. அப்படி ஒரு தெளிவை ஜெஸ்ஸி பார்த்ததே இல்லை. கிணற்றுக் கல்லின் பாசி தெரிந்தது. கதாநாயகியின் மூக்குத்தி தெரிந்தது. அவள் வாளியைத் தூக்கினாள். தோளுக்கு மேலே சுவர். சுவர் மட்டும். ஒவ்வொரு கல்லும் கழுவி வைத்தமாதிரி இருந்தது.

“திரும்பப் போடு,” என்றாள் செபாஸ்தியம்மாள்.

போட்டான். மறுபடியும் போட்டான்.

“அந்தச் செவத்துல ஒரு பிள்ள நிக்கும் தம்பி.”

“பிள்ளையா? அங்க ஒரு அழுக்குல்ல இருந்துச்சு. ஒரு ஃப்ரேம்ல இருந்துட்டு அடுத்த ஃப்ரேம்ல இல்லாம போற எதையும் மெஷின் அழுக்குன்னு எடுத்துக்கிரும். சரியான்னு பாத்து நாந்தான் அழிச்சேன்.” பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவன், பெரியம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

ஜெஸ்ஸி சொன்னாள். சுவரையும் லூர்தையும் அம்மா டி.வி. முன்னால் காத்திருந்த வருடங்களையும் தணிந்த குரலில் சொன்னாள். பிரிட்டோ எதையோ தேடி, சுத்தம் செய்வதற்கு முந்திய காட்சியைத் திரையில் நிறுத்தினான். சுவரின் மேல் கருப்பாக ஏதோ இருந்தது. பெரிதாக்கினான். பெரிதாக்கப் பெரிதாக்க அது பாவாடையாகவும் இல்லை, பிள்ளையாகவும் இல்லை. புள்ளி புள்ளியாகக் கலைந்து திரை முழுக்கப் பரவியது. குழந்தையா, ஈரம் பட்ட கறையா என்று ஜெஸ்ஸிக்குத் தெரியவில்லை. பிரிட்டோவுக்கும் தெரியவில்லை.

“மன்னிச்சிருங்க பெரியம்மா. இத நாளைக்கே சரிபண்ணலாம்,” என்றான் அவசரமாக. “அக்கா மொகம் எப்படி இருக்கும்? வட்டமா, நீளமா? சொல்லுங்க, அப்படியே செஞ்சு செவத்துல நிக்க வச்சிரலாம். வெளிய விடுறதுல முடியாட்டியும் ஒங்களுக்குன்னு ஒண்ணு தாரேன்.”

செபாஸ்தியம்மாள் வாயைத் திறந்தாள்.

“மூக்கு…” என்றாள். அதற்கு மேல் வரவில்லை. கை மட்டும் தன் முகத்துக்கு எதிரே எழுந்து, காற்றில் எதையோ பிடிக்கப்போய், பாதியில் நின்றது. இத்தனை வருடமும் அந்த நிழலைப் பார்த்துப் பார்த்து, நிழலுக்குப் பின்னால் இருந்ததை அவள் தொலைத்துவிட்டிருந்தாள். ஜெஸ்ஸி அதைப் புரிந்துகொண்ட அதே நிமிடத்தில் அம்மாவும் புரிந்துகொண்டாள்.

“ஜெஸ்ஸி அக்காவோட சின்ன வயசு போட்டோ இருக்குமே. உடம்பொறந்தவங்கதான, ஜாடை இருக்கும்,” என்றான் பிரிட்டோ.

செபாஸ்தியம்மாள் ஜெஸ்ஸியைத் திரும்பிப் பார்த்தாள். நெற்றி, கண், தாடை என்று ஒவ்வொன்றாக, இருட்டுக்குள் சாவியைத் துழாவுகிறவள் மாதிரி பார்த்தாள். ஜெஸ்ஸி அசையாமல் முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். ஏதாவது கிடைத்தால் எடுத்துக்கொள்ளட்டும் என்று இருந்தது அவளுக்கு. அம்மாவின் பார்வை எங்கேயும் நிற்கவில்லை.

“அம்மா,” என்றாள் ஜெஸ்ஸி. “அவ திரும்புனா. நான் அன்னைக்கே பாத்தேன்ல.”

இனிப் பார்க்க ஒன்றுமில்லை என்பதுபோல் செபாஸ்தியம்மாள் கண்ணாடியைக் கழற்றி லேப்டாப்பின் பக்கத்தில் வைத்தாள். எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வாசலில் கிடந்த செருப்பைக்கூடப் போடாமல், வெயிலில் இறங்கிப் போனாள்.