ஈயத்தில் வந்த வாத்து

நாரின் ஆறு ஒரு காலத்தில் பயந்துபோய் மலைமேல் ஏறி ஓடிக்கொண்டிருந்ததாம். சத்தார்குல் என்ற கிழவர்தான் ஒரு கரண்டி ஈயத்தை உருக்கி ஊற்றி, அதற்குப் பயம் தெளியவைத்துக் கீழே அனுப்பினாராம். பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற பிறகு, பயந்தவர்களுக்கு ஈயம் ஊற்றுவதே அவர் வேலை. ஊரில் அவரை நம்பாதவள் ஒருத்திதான். அவளைத்தான் அவர் கல்யாணம் கட்டியிருந்தார்.

இப்போது பயந்திருந்தது அவருடைய குதிரை கராகெர். பத்து நாளாக வாசலைத் தாண்ட மறுத்தது. ஞாயிறன்று மனைவி புருல்சாவின் தம்பி மகனுக்குக் கல்யாணம். அதற்குள் குதிரை ஓடாவிட்டால் பந்திக்கு அதுதான் கறி என்று அவள் தம்பிக்கு வாக்குக் கொடுத்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை குதிரையின் தலையில் கம்பளத்தைப் போர்த்தினார். புருல்சா முக்காலிமேல் ஏறி, முணுமுணுத்துக்கொண்டே தண்ணீர்க் கிண்ணத்தை அதன் காதுகளுக்கு மேலே பிடித்தாள். உருக்கிய ஈயத்தை மூன்று முறை ஊற்றவேண்டும். எது பயமுறுத்தியதோ அதன் உருவம் தண்ணீருக்குள் வந்துவிடும். முதலில் வந்தது கெட்டில் மாதிரி இருந்தது.

“குதிரை டீயைப் பாத்து மிரண்டுடுச்சாக்கும், கிழவரே,” என்றாள் புருல்சா.

இரண்டாவதாக வந்ததை அவருடைய மூக்கு என்றாள். மூன்றாவதில் நீண்ட கழுத்து, விரிந்த இறக்கை, திறந்த அலகு. அலகுக்குள் நாக்கும் தெரிந்ததென்று சத்தார்குல் இன்றும் சத்தியம் செய்கிறார்.

இந்த முறை புருல்சா கிண்ணத்துக்குள் குனிந்து பார்த்தாள். ஈயம் சீறிய சத்தம் கேட்டு, வாசலில் கிடந்த அவளுடைய செல்ல வாத்து, இடுப்புயர முரடன், பதிலுக்குச் சீறியபடி இறக்கையை விரித்துக்கொண்டு பாய்ந்து வந்தது. கம்பளம் நழுவ, குதிரை நடுங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டது.

“இதுவும் கெட்டில்தானே, புருல்சா?” என்று அவர் அப்பாவியாகக் கேட்டார்.

அவள் வாத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கொல்லைப்புறம் போனாள். கராகெர் வாசலை எட்டிப் பார்த்தது. ஒரு கால் வைத்தது. பிறகு பிடித்தது ஓட்டம்.

மறுநாள் பந்தியில், தன் குதிரை பதினான்கு சமையல் கொப்பரைகளையும் மணப்பெண்ணையும் ஒரே தாவலில் தாண்டியதாக சத்தார்குல் அளந்துகொண்டிருந்தார். சொந்தக்காரர்கள் சிரித்துக்கொண்டே புருல்சாவைப் பார்த்தார்கள். கறி தருவதாகத் தம்பிக்குச் சொன்ன வாக்குத் தவறக்கூடாதே. அவள் கையில் இருந்தது வாத்துக்கால்.

“கொப்பரை எல்லாம் பொய்,” என்றாள் அவள், எலும்பைக் கடித்தபடி. “ஆனா ஈயத்துல வந்தது என் வாத்துதான். கிண்ணத்தைப் பிடிச்சிட்டிருந்ததே நான்தானே.”