ஏழாவது ரீலில் ஒரு மூச்சு

படத்தில் கதாநாயகிக்கு அவன் மனைவி குரல் கொடுத்தது ஆறு ரீல். ஏழாவதைப் பேசுவதற்குள் காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது.

படம் அந்தக் காலத்துக் கதை. புருஷனை இழந்த ஒருத்தி கொழுந்தனை மணக்க நினைக்கிறாள். ஊர் அவளுக்குத் தண்ணீர்கூடத் தர மறுக்கிறது. கதாநாயகிக்குக் குரல் கொடுத்தவள் போனதும், அவள் தங்கையைக் கூட்டிவரச் சொன்னார் டைரக்டர். ஒரே வயிற்றில் பிறந்த குரல், ஒட்டிக்கொள்ளும் என்றார். ஒட்டவில்லை. படம் முழுவதையும் தங்கையே பேசட்டும் என்றாகிவிட்டது. பழைய குரலை அழிக்கும் வேலை, ஒலித்தொகுப்பாளனான அவனுக்கு.

அழித்தான். வசனங்களை மட்டும். ஒவ்வொரு வசனத்துக்கு முன்னாலும் அவள் இழுத்த மூச்சை விட்டுவைத்தான். தங்கையின் மூச்சை வெட்டியெறிந்துவிட்டு, அக்காவின் மூச்சோடு தங்கையின் சொற்களைக் கோத்தான். டைரக்டருக்கே தெரியவில்லை.

இன்று, தங்கை பேசி முடித்திருந்த ஏழாவது ரீலைப் போட்டான். பக்கத்து நாற்காலியில் மச்சினி. டைரக்டர் டீ குடிக்கப் போயிருந்தார்.

"மாமா, படத்துல கொழுந்தனைக் கட்டாதேன்னு ஊரே அடிக்க வருது. நம்ம வீட்ல மச்சினியைக் கட்டிக்கோன்னு ஊரே கெஞ்சுது. நாம ரொம்பத்தான் முன்னேறிட்டோம்."

அவன் சிரிக்கவில்லை. மாமியார் வெள்ளிக்கிழமைக்குள் முடிவு கேட்டிருந்தாள். தலையாட்டிவிடுவதாகத்தான் இருந்தான். மறுக்கவும் தெம்பு வேண்டுமே.

திரையில் கதாநாயகி கொழுந்தனை ஏறிட்டுப் பார்த்தாள். "எனக்குச் சம்மதம்."

மச்சினி விறைத்துப்போனாள். "திருப்பிப் போடுங்க."

போட்டான்.

"இது என் மூச்சு இல்ல. அக்கா இந்த சீன் பேசவே இல்லையே மாமா. எங்கேருந்து வந்தா?"

"ரெண்டாவது ரீல்லேருந்து எடுத்தேன்."

அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"உங்களைக் கட்டிக்கிட்டா வீட்லயும் இப்படித்தான் இருக்கும். வாய் என்னுது, மூச்சு அவளுது. என்னால முடியாது மாமா. ஆனா நான் சொன்னா அம்மா விடமாட்டா."

அவன் போனை எடுத்தான்.

"அத்தை, இந்தக் கல்யாணப் பேச்சு வேண்டாம்."

"ஏம்ப்பா? அவ துடுக்கா ஏதாவது பேசினாளா?"

"அவ ஒண்ணும் சொல்லல. எனக்குத்தான் இஷ்டமில்ல."

மறுமுனையில் அழுகை தொடங்கியது. முடியும்வரை கேட்டுவிட்டுப் போனை வைத்தான்.

"மைக்கைப் போடுங்க," என்றாள் மச்சினி, மூக்கைத் துடைத்தபடி. "இந்த சீனை மறுபடி பேசறேன். மூச்சோட."

எழுந்துபோய் மைக்கை அவள் உயரத்துக்கு இறக்கினான். மற்ற ஆறு ரீல்களைப் பற்றி அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.