மூன்றாவது பெடல்

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் உத்தமன் கார் ஓட்டி வந்தால் தெருநாய்கள்கூட எழுந்து நின்று மரியாதை செய்யும். அப்படித்தான் உத்தமன் சொல்வார். 1966-ஆம் வருடத்து இங்கிலாந்துக் கார். வெண்ணெய் நிறம். முன்சீட்டு பிரிவே இல்லாமல் ஒரே சோபா. மூன்று பேர் உட்கார்ந்து நாலாவது ஆளுக்குப் பலகாரமும் வைக்கலாம். ஸ்டீரிங் தண்டில் ஒரு கைப்பிடி. அதன்மேல் கையை வைத்து, உதட்டைக் கடித்து, தோளைக் குலுக்கி அவர் ஓட்டுகிற ஓட்டைப் பார்த்தால், வண்டிக்குள் குறைந்தது பதினேழு கியராவது இருக்கும் என்று தோன்றும்.

உண்மையில் அது ஆட்டோமேட்டிக். கிளட்ச் கிடையாது, பெடல் இரண்டே இரண்டு. புறப்படும்போது கைப்பிடியை ஒருமுறை தள்ளிவிட்டால் வீடு திரும்பும்வரை அதற்கு வேலையில்லை. குலுங்கியதெல்லாம் உத்தமனின் தோள் மட்டும்தான். ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன டாக்டர் ஒருவர் தன்னிடம் கணக்கு எழுதிய உத்தமனுக்கு அந்த வண்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். உத்தமன் அதில்தான் ஓட்டக் கற்றார், வேறு எதையும் தொட்டதில்லை. அவருடைய இடதுகால் முப்பத்தைந்து வருடமாக வண்டித் தரையில் சும்மா படுத்துக்கிடந்தது.

ஆனால் வாய் சும்மா இருக்குமா? தெருவில் டெம்போ ஒன்று உதறினால் போதும், வாசலுக்கு வந்துவிடுவார்.

"கிளட்ச்ச இப்பிடியாய்யா மிதிப்பே? முட்டை மேல கால் வெக்கற மாதிரி வெய்யி!"

டெம்போக்காரர்கள் கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

அந்தத் தெருவின் பதினெட்டு மணப்பெண்களை அந்தக் காரில்தான் அவர் சர்ச் வாசலில் கொண்டுபோய் இறக்கியிருக்கிறார். பத்தொன்பதாவது பெண் அவருடைய ஒரே மகள் ரூபினி. "என் பொண்ண நான்தான் ஓட்டிட்டுப் போவேன்" என்று ஊர் முழுக்கச் சொல்லி, அழைப்பிதழிலும் போடலாமா என்று கேட்டு, வீட்டில் திட்டு வாங்கியிருந்தார். கல்யாணத்துக்குச் சரியாக மூன்று வாரம் இருக்கும்போது, சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டு எதிரில், கார் ஒருமுறை முனகிவிட்டு நின்றுவிட்டது.

"கியர்பாக்ஸ் முகிது ஹோய்த்து சார்" என்றார் மெக்கானிக் மஞ்சுநாத், வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்து. "கதை முடிஞ்சுது. ஸ்பேர் வெளிநாட்லேந்து வர்றதுக்கு மூணு மாசம் ஆவும்."

"மூணு வாரத்துல கல்யாணம்யா!"

"அப்போ மேனுவல் பாக்ஸ் ஏத்திடலாம். பழைய வேன் பாக்ஸ் ஒண்ணு கீது. ஒரு கிளட்ச் பெடல் வெச்சு, ஷாஃப்ட்ட நாலு இஞ்ச் வெட்டி, தரையில கியர் குச்சி. ரெடி. உங்களுக்கென்ன சார், டெம்போக்காரனுக்கே கிளாஸ் எடுக்கற ஆளு!"

உண்மையைச் சொல்ல அதுதான் நேரம். ஷெட்டில் டீ குடித்துக்கொண்டிருந்த ஏழெட்டுப் பேரும் அவரையே பார்த்தார்கள். உத்தமனின் வாய் அவரைக் கேட்காமலே திறந்தது.

"நானே சொல்லணும்னு இருந்தேன் மஞ்சு. ஆட்டோமேட்டிக் ஓட்டி ஓட்டித் தூக்கம்தான் வருது."

கல்யாணத்துக்கு ஐந்து நாள் முன்பு வண்டி வந்தது. மஞ்சுநாத்தே வீட்டுக்கு ஓட்டிவந்து விட்டுப் போனார். மறுநாள் விடிந்தும் விடியாமலும், நான்கு முனை தாண்டி இருந்த காலி மனைக்கு உத்தமன் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். எப்படிச் சேர்த்தார் என்பது அவருக்கே தெரியாது. அங்கே கிளட்சை விட்டார். கார் தவளையாகத் தாவியது. பிரேக் என்று நினைத்துக் கிளட்சை மிதித்தார். கார் அதுபாட்டுக்கு உருண்டது. மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் சுவரேறி நின்று பார்த்தன. நாற்பது முறை எஞ்சின் அணைந்தது. நாற்பத்தோராவது முறை யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள்.

மனைவி சாந்தகுமாரி, பால் பாக்கெட்டோடு.

"ஏங்க, வண்டிக்கு விக்கலா?"

"புது பாக்ஸும்மா. பழக்கிட்டிருக்கேன்."

"பழைய பாக்ஸுக்குப் பெடல் ரெண்டுதான்னு எனக்குக் கல்யாணமான மொத வாரமே தெரியும். தள்ளி உக்காருங்க."

மிஷன் ஆஸ்பத்திரியின் தடுப்பூசி வேனைப் பதினொரு வருடம் ஓட்டியவள் சாந்தகுமாரி. ஆனேக்கல் பக்கத்துச் சேற்றில் எல்லாம் ஓட்டியிருக்கிறாள். இந்தக் காரை மட்டும், 'லேடீஸ் கைக்கு ஒத்துவராது' என்று சொல்லி உத்தமன் தொடவிட்டதில்லை.

"நீ ஓட்டிட்டா தெருவுல என் மூஞ்சிய எங்க வெக்கிறது?" என்றார் உத்தமன். "என் பொண்ணும்மா. நான்தான் ஓட்டணும்."

சாந்தகுமாரி பால் பாக்கெட்டைப் பின்சீட்டில் எறிந்துவிட்டு இடதுபக்கமாக ஏறினாள். நகர்ந்து நகர்ந்து வந்து அவரை ஒட்டி உட்கார்ந்து, வலதுகாலை நீட்டிக் கிளட்ச்மேல் வைத்தாள். கியர் குச்சியையும் பிடித்துக்கொண்டாள்.

"இது ரெண்டும் என்னுது. மத்தது உங்களுது. பேசாம ஓட்டுங்க."

கார் பட்டுப்போல நகர்ந்தது.

கல்யாணத்தன்று மல்லிகைச் சரம் கட்டிய காரில், அரக்குப் பட்டுடுத்திய மனைவியை ஒட்டிக்கொண்டு உத்தமன் கிளம்பினார். பக்கத்து வீட்டு வள்ளியம்மா கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். "இந்த வயசுலயும் பாரேன், நடுவுல காத்துகூடப் போவாது!"

பின்சீட்டில் வெள்ளைப் புடவையும் முக்காடுமாக ரூபினி. எல்லாம் நன்றாகத்தான் போனது, மேம்பாலத்தில் பாதி ஏற்றத்தில் வண்டிகள் தேங்கும்வரை. திரும்ப எடுக்கும்போது உத்தமன் கையை உயர்த்தி யாருக்கோ டாட்டா காட்டினார். ஆக்ஸிலரேட்டரை மறந்தார். கார் குலுங்கி அணைந்தது. பின்னால் ஒரு பஸ் பிளிறியது.

"என்னப்பா ஆச்சு?" என்றாள் ரூபினி.

"பெட்ரோல் மோசம்மா."

சாந்தகுமாரியின் கால் கிளட்சை அழுத்தியபடி அப்படியே நின்றது. "பெட்ரோலா?"

"இந்த மஞ்சுநாத் சரியா மாட்டல."

"மஞ்சுநாத்தா?"

பஸ்ஸுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பஸ், பதினைந்து ஆட்டோ, பெங்களூரின் மொத்த ஜனத்தொகை. சர்ச்சில் முதல் மணி அடித்திருப்பார்கள். உத்தமன் ஹேண்ட்பிரேக்கைப் பிடித்துக்கொண்டே ஸ்டீரிங்கைப் பார்த்துச் சொன்னார்:

"எனக்குக் கிளட்ச் போடத் தெரியாது ரூபி. எப்பவுமே தெரியாது. அம்மாதான் போடறா."

ரூபினி முக்காட்டை விலக்கிக்கொண்டு முன்னால் சாய்ந்தாள்.

"இவ்ளோதானா? ரெண்டு பேரும் முழிச்ச முழியப் பாத்து மாப்பிள்ளை ஓடிட்டாரோன்னு நெனச்சேன். ஸ்டார்ட் பண்ணுங்கப்பா!"

"இப்ப மிதிங்க" என்றாள் சாந்தகுமாரி. மிதித்தார். கார் மேம்பாலத்தை ஏறி இறங்கிச் சர்ச் வாசலில் பூப்போல நின்றது. நூறு பேர் கைதட்டினார்கள். உத்தமன் இறங்கி, மகளின் கையைத் தன் கையில் கோத்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தினார்.

அப்போதுதான் பாஸ்டர் வெளியே வந்தார். "உத்தமன், வழியை அடைச்சு நிக்குதே. கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்து அந்தாண்ட போட்டுடுங்க."

ஒரு பக்கம் தென்னைமரம், மறுபக்கம் ஒலிபெருக்கி வேன். நடுவில் ஒரு கார் அளவுக்கு இடம். நூறு ஜோடிக் கண்கள். 'டிரைவர் யாராவது எடுக்கட்டும், நான் பொண்ணோட அப்பா' என்று சொல்லியிருக்கலாம். ஒருத்தரும் தப்பாக நினைத்திருக்க மாட்டார்கள். நாக்கு நுனிவரை அது வந்தும்விட்டது. கோத்திருந்த மகளின் கை ஒருமுறை இறுகியது.

உத்தமன் சாவியை நீட்டினார்.

"சாந்தா, நீ எடு. உனக்குத்தான் வரும்."

சாந்தகுமாரி கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஸ்டீரிங் முன்னால் உட்கார்ந்தாள். ஒரே வீச்சு. ஒரு மல்லிகைப் பூகூட உதிராமல் கார் பின்னால் வளைந்து போய் மரத்துக்கும் வேனுக்கும் நடுவில் நின்றது. கூட்டம் வாயைப் பிளந்தது.

"அக்கா இந்த வண்டிய எப்ப கத்துக்கினாங்க சார்?" என்றாள் ஆட்டோவில் வந்திறங்கிய வள்ளியம்மா.

"அவ எப்பவும் ஓட்டுவா. என்னைவிட நல்லா ஓட்டுவா" என்றார் உத்தமன். இவ்வளவு உண்மையைப் பேசி அவருக்குப் பழக்கமில்லை. தலை லேசாகச் சுற்றியது. இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பிச் சொன்னார்:

"ஒரு இஞ்ச் எடது பக்கம் ஒடிச்சிருக்கலாம்."