வெள்ளிக்கிழமை விழுந்த தங்க இலை

"வெள்ளிக்கிழமை மட்டும் நீ எழுதுற நம்பருக்கு என்னய்யா பேய் பிடிக்குது?"

"காத்து அப்புடி இருக்குங்க ஐயா."

"வெள்ளிக்கு ஒரு காத்து, சனிக்கு ஒரு காத்தா? ஜெர்மனியில இருந்து காயிதம் வந்திருக்கு. குடிச்சிட்டு மனசுல வந்தத எழுதுறியா?"

"நான் குடிக்கிறது இல்லீங்க. பாத்தத்தான் எழுதினேன்."

உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த இராக்கம்மாவின் கை நின்றது. வாசலில் சத்தம் போட்டது தோட்டத்துப் பெரிய கிளாக்கர். பதில் சொன்னது அவள் புருஷன் வீரய்யா.

சண்டை, மூலையில் பலகைமேல் இருந்த கண்ணாடிப் பெட்டியைப் பற்றி. உள்ளே ஒரு கம்பியில் இரண்டு மெல்லிய தங்க இலைகள் தொங்கும். கம்பளியில் தேய்த்த அரக்குக் குச்சியால் கம்பியின் தலையைத் தொட்டால் மின்சாரம் ஏறி இரண்டும் விலகி நிற்கும். பிறகு மெல்ல மெல்லக் கூடும். எவ்வளவு நேரத்தில் கூடுகிறது என்று தினமும் சாயங்காலம் கடிகாரத்தைப் பார்த்து வீரய்யா எழுத வேண்டும். ஜெர்மனியில் ஒரு மலை, இத்தாலியில் ஒரு மலை, இலங்கையில் பசறைக்கு மேலே இந்தத் தேயிலைத் தோட்டம், மூன்று இடத்திலும் இதே பெட்டி. காற்றில் இருக்கிற மூலக்கூறுகள் மின்சாரத்தை எப்படி வாங்கிக்கொள்கின்றன என்று படித்தவர்கள் சேர்ந்து தேடுகிறார்களாம். 1913இல் பெட்டியைக் கொண்டுவந்து வைத்த வெள்ளைக்காரச் சின்னதொரை சீமைக்குப் போய்விட்டார். கடிதப் போக்குவரத்து கிளாக்கர் கையில்.

கொழுந்து அரைக்கும் ஸ்டோரில் வீரய்யாவின் வலது கால் ரோதைச் சக்கரத்தில் மாட்டி நசுங்கியிருந்தது. எழுதத் தெரிந்ததால் இந்த வேலை கிடைத்தது. பெட்டி போனால் மலை ஏறித் தேயிலைச் செடிகளைக் கிளை நறுக்கிக் கவ்வாத்து செய்ய வேண்டும். ஏற முடியாதவனைத் தோட்டத்தில் வைத்திருக்க மாட்டார்கள்.

"இன்னும் ஒரு மாசம் பாப்பேன்," என்றார் கிளாக்கர். "அப்பறம் நொண்டிக்கிட்டே கவ்வாத்து வெட்டப் போ."

வெள்ளிக்கிழமை அவர்கள் குடியிருக்கும் அந்தக் காம்பராவில் வேறு என்ன நடக்கிறது? இராக்கம்மாவுக்குத் தெரியும். போன மாசியில் காய்ச்சலில் செத்த மகள் பேச்சியின் பாவாடைக்கு முன்னால் சாயங்காலம் தணல் வைத்துச் சாம்பிராணி போடுவாள். சமையல் அடுப்பு வெளியே இஸ்தோப்புத் தாழ்வாரத்தில். உள்ளே இருப்பது ஒரே அறை. பெட்டிக்கும் பாவாடைக்கும் நடுவே இரண்டு முழம்.

மறுநாள் செவ்வாய். வீரய்யா இலைகளை விலக்கிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தபோது, அவள் சட்டியில் தணலை அள்ளிவந்து பெட்டியருகே வைத்தாள். இலைகள் துவண்டு ஒன்றாகின.

"ஏங்க, இது ஒங்களுக்குத் தெரியுமா?"

"மொத வெள்ளியே தெரியும்."

"அப்ப ஏன் எழுதல?"

"தணல் இருந்தா பக்கத்துக் காத்து மாறிப்போகுது புள்ள. ஒரு வரி எழுதினா அந்த ஊர்க்காரங்களுக்குப் புரிஞ்சிரும். ஆனா கிளாக்கர் வந்து மொதல்ல ஒன் சட்டியத்தான் ஒடைப்பாரு." பாவாடையைப் பார்த்துச் சொன்னான்: "இத விட்டா புள்ளைக்கி நான் வேற என்னா செஞ்சேன்."

இராக்கம்மா பாவாடையை மடித்துத் துணி மூட்டைக்குள் வைத்தாள். அந்த வெள்ளி சாம்பிராணி இல்லை. அடுத்த வெள்ளியும் இல்லை. நான்கு வெள்ளி அவள் அந்த மூலைக்கு முதுகைக் காட்டி, வாசலில் மழையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். இலைகள் மற்ற நாள் போலவே நின்றன.

மாதக் கடைசியில் கிளாக்கர் தாளைப் புரட்டினார்.

"பாத்தியா? நான் அதட்டினதும் எல்லா நம்பரும் ஒழுங்காயிருச்சு. அப்ப முன்னாடி எழுதினது பூரா பொய். பொய்க்காரன் கையில இனி பெட்டி இருக்கக் கூடாது."

இராக்கம்மா வெளியே வந்தாள். கிளாக்கர் முகத்தைப் பார்த்து அவள் பேசியது அதுதான் முதல் தடவை.

"பொய் இல்லீங்க ஐயா. நான் தணல் வச்சு சாம்பிராணி போட்டேன். அதான் எல வுழுந்துச்சு."

கிளாக்கர் சிரித்தார். "ஒன் சாம்பிராணிச் சட்டியா ஜெர்மனிக்காரனக் கொழப்புச்சு? இத இங்கிலீசுல எழுதி பெரியதொரைகிட்ட கையெழுத்துக்கு நீட்டினா என்னயத்தான் பைத்தியம்பாரு."

"கண்ணால பாருங்க ஐயா. இந்தா, தணல் கொண்டாறேன்."

அவள் அடுப்பு அணைந்திருந்தது. பக்கத்துக் காம்பராவுக்கு ஓடினாள். சட்டியோடு திரும்பி வந்தபோது, கிளாக்கர் பெட்டியையும் கடிகாரத்தையும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தார். கையில் சட்டி சுட்டது. தூறலில் தணல் ஒவ்வொன்றாகக் கறுத்தது.

மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் வீரய்யா கவ்வாத்துக் கத்தியோடு ஒற்றைக்காலில் பாரத்தைப் போட்டு நின்றான். மூன்று நாள்தான் ஏறினான். நாலாம் நாள் வேலைப் பட்டியலில் பேரை வெட்டிவிட்டார்கள். ஞாயிறுக்குள் காம்பராவைக் காலி செய்யச் சொன்னார்கள்.

அந்த வெள்ளி இராக்கம்மா பாவாடையை எடுத்து வைத்துச் சாம்பிராணி போட்டாள். மூட்டை கட்டியிருந்தது. வீரய்யா வெறும் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்ப வுழுந்திருக்கும்," என்றான்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். கண்ணால் கண்டதைச் சொல்லப்போய், நின்று பார்க்கக்கூட மனசில்லாமல் யாராவது உங்களைச் சிரித்து அனுப்பியிருக்கிறார்களா? என்ன நடந்தது என்று கீழே எழுதுங்கள். இரண்டு வரி எழுதினாலும் போதும்.